போட்டி நாள் இடியப்பம்

ஒஸ்லோ நகரின் ஓரத்தில், வெஸ்ட்லியில் எங்கள் எதிர்வீட்டில் ஓர் உதைபந்தாட்டக்காரர் குடியிருந்தார். பின்கள வீரர். சாம்பியாவின் செப்புச் சுரங்க ஊரொன்றில் வெறுங்காலோடு உதைக்கத் தொடங்கி, தென்னாபிரிக்காவில் சில காலம் ஆடி, பிறகு இங்கே வந்தவர். வாசல்நிலையை அடைத்து நிற்கும் உயரம். ஆனால் என்னைக் கண்டால் உடம்பைக் குறுக்கிக்கொண்டுதான் வணக்கம் சொல்வார். என் கணவருக்கோ பெருமையில் ஒரே புளுகம். பக்கத்து ஊர் லில்லெஸ்ட்ரோம் வரைக்கும் தம்பட்டம் அடித்துத் திரிந்தார்.

அந்த வருடம் ஆட்டக்காரர் முழங்கால் காயத்தோடு நெடுநாள் வீட்டில் இருந்தார். வயதும் முப்பதைத் தாண்டிவிட்டது, ஒப்பந்தமும் முடியப்போகிறது. காயம் ஆறியதும் கழகத்தார் ஒரு போட்டியில் ஆடவிட்டுப் பார்த்துத்தான் புதுப்பிப்பதா, அனுப்புவதா என்று சொல்வார்களாம். புதுப்பித்தால் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். மகள் அவர் இங்கே வந்தபிறகு பிறந்தவள். அவர் இன்னும் அவளைப் பார்த்ததேயில்லை, டெலிபோனில் பேசியதோடு சரி. கேட்ட நாளிலிருந்து எனக்கு மனமே சரியில்லை.

போட்டி நாள் மத்தியானம் எங்களுக்கு நுழைவுச்சீட்டுத் தர வந்தார். விடுவேனா? பிடித்து இருத்தி இடியப்பமும் சொதியும் ஆட்டிறைச்சிக் கறியும் வைத்தேன். தட்டு வெறுமையாகும், நான் போடுவேன். மறுபடி வெறுமையாகும், மறுபடி போடுவேன். பாவம், என்ன பசியோ என்று எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. அவருக்கு வியர்த்து ஊற்றியது. கணவருக்குச் சந்தேகம் வந்து நோர்வேஜிய மொழியில் மெல்ல விசாரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இஞ்சாரும், உந்தாளின்ரை ஊரிலை வீட்டுக்காரி போட்டதை மிச்சம் விட்டா மரியாதையில்லையாம். நீர் தட்டை வெறுமையா விடமாட்டீர். இண்டைக்கு ஆள் ஓடினமாதிரித்தான்!"

"ஐயோ கடவுளே! முதலே சொல்லித் துலைக்கிறதுக்கென்ன?"

"வாய் நிறைய இடியப்பத்தோடை மனுசன் என்னெண்டு சொல்லுறது?"

மைதானத்தில் நான் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன். வழக்கமாக முன்னுக்குப் பாய்கிறவர் அன்று நடுக்கோட்டைத் தாண்டவேயில்லை. எதிரணிப் பெடியன் ஒருவன் பேய் வேகத்தில் வந்தான். இவர் துரத்தாமல் பின்வாங்கிப் பின்வாங்கி வந்து, அவன் பந்தைச் சற்றுத் தள்ளிவிட்ட நேரம் பார்த்துக் காலை வைத்தார். மற்ற நேரமெல்லாம் கையை நீட்டிக் கத்தி, கூட ஆடியவர்களை ஓடவைத்தார். எங்கள் பக்கம் ஒரு கோலும் விழவில்லை. "இன்றைக்குத்தான் உன் வயதுக்கு ஏற்றமாதிரி ஆடினாய்" என்று பயிற்சியாளர் தோளில் தட்டினாராம். ஒப்பந்தம் கிடைத்துவிட்டது! எல்லாம் இடியப்பத்தின் வேலை என்றார் கணவர். நானும் மறுக்கவில்லை.

விமான நிலையத்துக்கு எங்கள் காரில்தான் போனோம். மனைவி வெளியே வந்தார், பின்னால் ஒரு குட்டி. இவரைக் கண்டதும் அது தாயின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. இவர் அப்படியே தரையில் முழந்தாளிட்டார். பிள்ளை தாயிடம் ஏதோ கேட்டது. தாய் சிரித்தபடி எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்:

"டெலிபோனுக்குள் இருக்கிற அப்பா இவ்வளவு பெரிசா என்று கேட்கிறாள்."

மைதானம் முழுக்கக் கேட்கக் கத்துகிற மனிதர் தங்கள் மொழியில் அவளை மெல்லக் கூப்பிட்டார். பிள்ளை தலையைத் தூக்கி ஒரு கணம் காது கொடுத்துக் கேட்டது. பிறகு பாவாடையை விட்டுவிட்டு அவரிடம் ஓடியது.