மூன்றாவது கழுத்து

எங்கள் ஊரான மாசாயில், தேவாலயத்தில் ஸ்டீல் கிட்டார் வாசித்த அண்ணன், வார நாட்களில் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். கம்பிகள்மேல் நகர்த்தி வாசிக்கும் இரும்புத் துண்டு எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். பேசும்போதும் கை அதைத் தடவிக்கொண்டிருக்கும். மேசைபோல் படுத்திருக்கும் அவருடைய கிட்டாருக்குக் கம்பிகள் ஓடும் கழுத்து மூன்று, ஒவ்வொன்றுக்கும் தனிச் சுதி. முதலாவதில், பல ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் மகிழ்ச்சியான கார்டுகள், இரண்டாவதில் சோகமானவை. மூன்றாவதன் சுதியை வாரந்தோறும் மாற்றி ஏதோ ஒரு கார்டைத் தேடுவார். பாடகர் குழுவில் இருந்த எங்களுக்குக் காத்திருந்தே எரிச்சல் வரும்.

ஒன்பது வருடம் படுக்கையில் கிடந்து அம்மா இறந்தபோது, அடக்கப் பூசையில் அவர் மூன்றாவது கழுத்தில்தான் வாசித்தார். மகிழ்ச்சியிலும் சேராத, சோகத்திலும் சேராத ஒலி.

வெளியே வந்ததும் கேட்டேன். "அண்ணே, அது என்ன கார்டு?"

"சிரிப்பா அழுகையான்னு முடிவு பண்ற கம்பி ஒண்ணு இருக்கு லா. அந்த ஸ்வரமே வராம, அதோட சுதிய பக்கத்து கம்பியோட சுதிக்கே மாத்திட்டேன்."

"ஏன்?"

"உங்க மூஞ்சிய பார்த்தேன். எதுன்னு உங்களுக்கே தெரியல."

அம்மாவின் மூச்சு நின்றதும், இனி நான் இரவில் நன்றாகத் தூங்கலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.