ஒரு ஹாரனுக்கு இழு, இரண்டுக்கு விடு

நல்லுசாமியின் இருக்கை ஒரு பலகை. ட்ரெய்லரின் முன்பக்கம், ஜீப்புக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். மூக்குக்கு நேரே படகின் அடிப்பக்கம். வந்த ரோடும் தெரியாது, போகிற ரோடும் தெரியாது. விழாமலிருக்க இடுப்பில் கயிறு. முடிச்சு முதுகுப்பக்கம். அதைப் போடுவது பிச்சமுத்து.

பிச்சமுத்து ஜீப் டிரைவர். நல்லுசாமியின் மனைவி மாரியாயிக்கு அண்ணன். துவாக்குடிப் பட்டறையில் இவனைச் சேர்த்துவிட்டவர். ஏற்காட்டு ஏரியின் இரும்புப் படகுகள் துருப்பிடித்தால் பட்டறைக்கு வரும். ஓட்டை அடைத்து, பெயிண்ட் அடித்தபின் மேலே போகும். ஏறும்போது தொல்லையில்லை. இறங்கும்போது ட்ரெய்லர் ஜீப்பைத் தள்ளும். அதற்குத் தனி பிரேக், அதற்கு ஓர் ஆள். ஒரு ஹாரன் கேட்டால் லீவரை இழுக்க வேண்டும். இரண்டு கேட்டால் விட வேண்டும். நான்கு வருஷமாக நல்லுசாமி.

1981 ஆடியில் தில்லை நகர் கிளினிக் ஒன்றில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை, மலை மேல் பிச்சமுத்து கயிறு கட்டும்போது நல்லுசாமி சொன்னான்.

"மச்சான், தில்லை நகர்ல வாட்ச்மேன் வேலை கெடைச்சிருக்கு. இதோட நான் நின்னுக்கிறேங்க."

"நாற்காலியில உக்காந்து தூங்கவா?"

"நாற்காலி நகராதுங்களே."

"கீழ போயிப் பேசிக்கலாம் மாப்ளே" என்று முடிச்சை இறுக்கினார்.

மேலிருந்து எட்டாவது வளைவில் இரண்டு ஹாரன் கேட்டது. நல்லுசாமி லீவரை விட்டான். ட்ரெய்லர் பாய்ந்து ஜீப்பின் பின்பக்கத்தை ஓரமாகத் தள்ளியது. கல் உருண்டு கீழே போகிற சத்தம். முழுப் பலத்தோடு இழுத்தான். பிரேக் லைனிங் கருகும் நாற்றத்தோடு வண்டி நின்றது.

"யாருடா விடச் சொன்னது?"

"நீங்கதான ரெண்டு அடிச்சீங்க."

"அது மேல ஏறி வர்ற லாரிக்காரன்டா!"

"எனக்கென்ன தெரியும்? எனக்குத் தெரியறது படகோட குண்டி மட்டுந்தான்."

சக்கரம் ஆறும்வரை அரைமணி நேரம் நின்றார்கள். முடிச்சு கைக்கு எட்டவில்லை.

"அவுத்து விடுங்க மச்சான். நடந்தே வரேன்."

"இன்னும் பன்னெண்டு வளைவு இருக்கு. அவுத்தா நீ திரும்ப ஏறமாட்டே."

நல்லுசாமி லீவரில் கையை வைத்துக்கொண்டான். பிறகு, "ஹாரன் மட்டும் அடிக்காதீங்க" என்றான்.

பலகைக்கு அடியில்தான் ஜீப்பையும் ட்ரெய்லரையும் மாட்டிய கொக்கி. ஜீப் இழுக்கும்போது அது பேசாது. ட்ரெய்லர் தள்ள ஆரம்பித்தால் தட்டும். முதல் தட்டிலேயே லீவரை இழுத்தான். கொக்கி விறைத்து முனகியதும் தளர்த்தினான். கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் நன்றாகக் கேட்டது. பன்னிரண்டு வளைவிலும் ஜீப் ஒருமுறைகூட ஆடவில்லை.

அடிவாரத்தில் பிச்சமுத்து டீ வாங்கிக் கொடுத்தார். துவாக்குடியில் முதலாளியிடம், "இவன் இல்லாம இனி மலைக்கு வண்டி எடுக்கமாட்டேன்" என்றார். மன்னார்புரத்தில் நல்லுசாமி வீட்டு வாசலில் நின்று அதையே மாரியாயியிடமும் சொன்னார். அவள் புருஷனைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தார்.

"தில்லை நகருக்கு நானே போயிச் சொல்லிட்டேன் மாப்ளே, நீ வரலைன்னு. வேற ஆள் போட்டுட்டாங்க."

மாரியாயி அண்ணனுக்குச் சோறு போட்டாள். நல்லுசாமியும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

திங்கட்கிழமை பெயிண்ட் அடித்த படகை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏறும்போது பிரேக்குக்கு ஆள் வேண்டாம். ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து எல்லா வளைவையும் பார்த்துக்கொண்டே போனான். வெள்ளிக்கிழமை நின்ற வளைவில் கைப்பிடிச் சுவர் இல்லை.

மேலே அதை இறக்கிவிட்டு, துருப்பிடித்த இன்னொன்றை ஏற்றினார்கள். பிச்சமுத்து கயிற்றோடு வந்தார். நல்லுசாமி பலகையில் உட்கார்ந்து, அவருக்கு வாகாக இரண்டு கைகளையும் தூக்கினான்.