கடற்கரைக் கக்கூசும் என் பெட்டிசமும்

எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன், பேனையை எடுத்துவிடுவேன். பள்ளிக்கூடத்து ஓடு உடைந்தாலும் பெட்டிசம், அதுதான் புகார்க் கடிதம், எழுதுவேன், பஸ் பிந்தினாலும் எழுதுவேன். திருகோணமலையில் பாதி அரசாங்கக் கந்தோர்களுக்கு என் கையெழுத்துத் தெரியும். "டீச்சர் திரும்பவும் தொடங்கியிட்டா" என்று சிரிப்பார்களாம். சிரிக்கட்டும் என்று இருந்தேன். பெருமைதான், வேறென்ன! அந்தப் பெருமை என் அப்பாவின் பின்னேரங்களை என்ன பாடு படுத்தியது என்பதை இத்தனை வருடம் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டா. வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர் அவர். சலம் போகிற வழியில் ஒப்பரேசன் செய்த பிறகு அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவருக்கு ஒன்றுக்குப் போக வேண்டும். வந்தால் அடக்க ஏலாது. போனாலும் கனநேரம் நிற்க வேண்டும். அப்படியிருந்தும் நாலு மணியானால் வேட்டியும் ஸ்திரி போட்ட சேட்டுமாகக் கடற்கரைக்கு வெளிக்கிட்டுவிடுவார். அங்கே இரண்டு சிநேகிதர்கள் காத்திருப்பார்கள். ஒருவர் மூதூரிலிருந்து வந்து பட்டினத்தில் துணிக்கடை வைத்திருந்த முதலாளி. மற்றவர் அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வரும் பழைய தபால்காரர். கவிழ்த்துப் போட்ட வள்ளத்தில் சாய்ந்துகொண்டு இருட்டும்வரை மூவரும் கதைப்பார்கள். அப்பாவுக்கு மிச்சமிருந்த சந்தோசம் அது ஒன்றுதான்.

அதற்கு வழி செய்தது அங்கிருந்த கடற்கரைக் கக்கூசு. அதைப் பார்த்துக்கொண்டவர் ஒரு தொழிலாளி. அப்பா றோட்டில் வருவது தெரிந்தவுடனே கிணற்றில் இரண்டு வாளி தண்ணீர் அள்ளி, கடைசி அறையைக் கழுவி, வேறு யாரும் போகாதபடி கதவைக் கயிற்றால் கட்டி வைப்பாராம். ஒருவரும் சொல்லிச் செய்ததில்லை. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. மகளிடம் சொல்கிற விசயமா இது?

எனக்குத் தெரிந்தது பெண்கள் பக்கம் மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கதவுக்குக் கொண்டி இல்லை, தண்ணீர் இல்லை, கால் வைக்க முடியாத ஊத்தை. ஒரு பிள்ளை உள்ளே போகப் பயந்து அடக்கிக்கொண்டே வந்து, திரும்பும் வழியில் சட்டையோடு நனைத்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் சிரிக்க, அது றோட்டோரத்தில் குந்தியிருந்து அழுதது. எனக்கு நெஞ்சு கொதித்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நகரசபைக்கு இரண்டு பக்கத்தில் ஒரு பெட்டிசம் எழுதினேன். 'பொறுப்பாக உள்ளவர் கடமையைச் செய்கிறாரா என்பதை விசாரிக்கவும்' என்று கடைசியில் ஒரு குத்தும் வைத்தேன். பெண்கள் பக்கம் கழுவுவதற்கு இருந்த மனுசி விலகிப் போய், அந்த இடத்துக்கு ஆளே போடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தத் தொழிலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. எழுதத்தானே எனக்குத் தெரியும்!

என் வாழ்நாளில் இத்தனை கெதியாக ஒரு பெட்டிசத்துக்கும் பலன் கிடைத்ததில்லை. எழுதின மூன்றாம் கிழமையே இரண்டு பக்கக் கதவிலும் ஆமைப்பூட்டு. 'மறு அறிவித்தல் வரை மூடப்பட்டுள்ளது' என்று ஒரு பலகை. அந்தத் தொழிலாளியைச் சந்தை கூட்ட அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கு அப்பா போன கையோடு திரும்பி வந்தார். "எந்த அறுவானோ பெட்டிசம் போட்டுப் பூட்டுவிச்சுப் போட்டான், பிள்ளை" என்றார். நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன்.

பிறகும் நாலைந்து நாள் போய்ப் பார்த்தார். "ஆம்பிளைக்கு என்ன, வள்ளத்துக்குப் பின்னால போங்கோவன்" என்றாராம் தபால்காரர். "நான் என்ன நாயோ?" என்று அப்பா சீறினாராம். ஆனால் வயிறு ரோசம் பார்க்குமா? ஒரு பின்னேரம் நேரத்தோடு வந்தவர் என்னைப் பார்க்காமல் நேரே கிணற்றடிக்குப் போனார். வேட்டியைத் தானே அலம்பிக் கொடியில் போட்டார். "கடலைப் பாத்து அலுத்துப் போச்சு" என்றார். அதற்குப் பிறகு நாலு மணிக்குச் சேட்டை எடுக்கவில்லை.

நான் நகரசபைக் கந்தோருக்கு ஓடினேன். திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். அங்கிருந்த கிளாக்கர் நல்ல மனிதர்தான். பைலை எடுத்து என் கடிதத்தையே எனக்கு முன்னால் விரித்தார்.

"இது நீங்கள் எழுதினதுதானே, டீச்சர்?"

"ஓம். கழுவச் சொல்லித்தானே எழுதினனான்? பூட்டச் சொன்னனானோ?"

"கழுவ ஆள் இல்லை. திறந்து வைச்சால் திரும்பவும் எழுதுவியள். பூட்டிக் கிடந்தால் ஒருத்தரும் எழுத மாட்டினம்."

அதற்குப் பிறகும் நான் நாலு கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

சிநேகிதர்கள் அப்பாவை விடவில்லை. வீட்டுக்கே வரத் தொடங்கினார்கள். விறாந்தையில் மூன்று கதிரை போட்டு நான் தேத்தண்ணி கொடுப்பேன். கதை எங்கே தொடங்கினாலும் அந்தப் பெட்டிசக்காரனில்தான் வந்து நிற்கும். "அவன்ர கை அழுகிப் போக" என்பார் அப்பா. "அல்லாஹ் பாத்துக்கொண்டுதான் இருக்கிறான்" என்பார் முதலாளி. தபால்காரர் இன்னும் மோசம், இங்கே எழுத ஏலாது. திட்டித் திட்டி மூன்று பேரும் சிரிப்பார்கள். அப்பாவின் முகத்தில் பழைய களை வந்துவிடும். நான் தட்டத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

இரண்டு மாதம் பொறுத்தேன். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, "அப்பா, அந்தப் பெட்டிசம் போட்டது நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

"நீயோ?"

"ஓம்." அந்தப் பிள்ளை அழுததையும் சொன்னேன்.

"அந்தப் பிள்ளை பாவம்" என்றார் அப்பா. "நீ எழுதினது சரிதான்." எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கினது போல் இருந்தது. அன்று நன்றாக நித்திரையும் கொண்டேன், வெட்கம் கெட்டவள்.

அடுத்த நாள் தபால்காரர் வழக்கம்போலத் தொடங்கினார். "காணும், விடுங்கோ. எழுதின ஆளுக்கும் ஏதோ நியாயம் இருந்திருக்கும்" என்றார் அப்பா. இருவரும் அவரை வியப்போடு பார்த்தார்கள். மறுநாளும் அப்படித்தான், கதையை மாற்றினார். மீன் விலை கொஞ்சம், மழை கொஞ்சம், பிறகு சும்மா இருந்தார்கள். கடலுக்கு முன்னால் என்றால் பேசாமலும் இருக்கலாம். எங்கள் மதிலைப் பார்த்துக்கொண்டு மூன்று ஆம்பிளைகள் எத்தனை நேரம் பேசாமல் இருப்பார்கள்? ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வந்தார்கள். பிறகு கிழமைக்கு ஒருமுறை. பிறகு அதுவும் இல்லை. அவர்களில் ஒரு பிழையும் இல்லை. அப்பாவுக்கு மிச்சமிருந்தது அந்தத் திட்டு ஒன்றுதான். மகள் மேல் விழும் என்று அதையும் விழுங்கிவிட்டார். என் மனச் சுகத்துக்காக அதையும் நான் பறித்துவிட்டேன்.

அந்த மாரி காலத்தோடு அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குச் சில கிழமைக்கு முன்பு ஒரு பின்னேரம், கதிரைகள் மூன்றும் போட்டபடி இருக்க, "இண்டைக்கும் ஒருத்தரும் வரேல்லையோ, பிள்ளை?" என்று கேட்டார்.

"மழை, அப்பா" என்றேன்.

முற்றம் முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா அந்த வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஓமோம்" என்றார். "மழைதான்."