மாட்டுத் தலைக்குள் இருந்தவர்

பால் கம்பெனியில் எல்லாரும் அவரை ‘மாட்டு மாமா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பெயர் வைத்தது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அதைப் பிடித்துக்கொண்டது ஆபீஸ். அதற்கு முன்பு அவர் வேன் டிரைவர். விடிவதற்குள் பால் டிரேக்களை ஏற்றி, கடை கடையாக இறக்கிவிட்டு வருவது வேலை. ஒருநாள் டிரேயைத் தூக்கக் குனிந்தவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, நிமிர முடியவில்லை. இனிமேல் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வேலையை விட்டு அனுப்ப மேனேஜருக்கு மனசில்லை. சும்மா உட்கார வைக்கவும் வழியில்லை. அந்த நேரம் பார்த்து, நர்சரிப் பள்ளிகளுக்கு மாட்டு வேஷம் போட்டுக்கொண்டு போன பையன் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான்.

“கனமே இல்லப்பா, எல்லாம் பஞ்சு” என்று சொல்லி உடுப்பைக் கையில் கொடுத்தார் மேனேஜர்.

பஞ்சுதான். ஆனால் உள்ளே போனால் அடுப்பு. கறுப்பு வெள்ளைத் துணி, பின்னால் ஒரு வால், பானை மாதிரி ஒரு தலை. மாட்டின் வாயில் இருந்த வலை வழியாகத்தான் வெளியே பார்க்க முடியும். விளம்பரப் பிரிவு மேடம் பேசுவார். பால் குடித்தால் எலும்பு பலமாகும், பல் பலமாகும் என்பார். மாடு தலையாட்ட வேண்டும், வாலை ஆட்ட வேண்டும், கடைசியில் ஆளுக்கு ஒரு பால் பாக்கெட் கொடுக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது.

ஒரு பள்ளியில் குட்டிப் பெண் ஒருத்தி அவரைச் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்தாள்.

“பால் மாட்டுலேருந்துதானே வரும்? இதுக்கு ஒண்ணுமே இல்லையே” என்றாள்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மேடம் பேச்சை எலும்புக்கு மாற்றினார்.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மடி தைத்துத் தருவதாகச் சொல்லி, ரோஸ் நிறத் துணியை வெட்ட உட்கார்ந்தார்.

“காம்பு எத்தனை வைக்கணும்?”

“அஞ்சோ ஆறோ இருக்கும்.”

மனைவி கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். “இத்தனை வருஷம் பாலோட குப்பை கொட்டியிருக்கீங்க. நாலுங்க, நாலு.”

மடி நன்றாகவே வந்தது. ஆனால் அது வந்த பிறகு கேள்விகளும் கூடின. எப்பவும் பால் வருமா என்று ஒரு பொடியன் கேட்டான். எப்பவும் வரும் என்றார் மேடம். உள்ளே இருந்தவருக்கு அது சரியாகப் படவில்லை. சரியில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. பாக்கெட்டில் அடைத்த பாலைத்தான் அவருக்குத் தெரியும். அதற்கு முன்னால் நடப்பதை அவர் எட்டிப் பார்த்ததே இல்லை.

லீவு நாளில், கம்பெனிக்குப் பால் ஊற்றும் பண்ணை ஒன்றைத் தேடிப் போனார். பண்ணைக்காரம்மா சாணி அள்ளிக்கொண்டே பேசினார்.

“கன்னு போட்டாத்தான் பால். அடுத்த கன்னுக்கு ரெண்டு மாசம் இருக்கும்போதே கறக்கிறதை நிறுத்திடுவோம். அதுக்கும் ஓய்வு வேணாமா?”

“அப்போ கன்னுக்குட்டி எதைக் குடிக்கும்?”

“முதல்ல வர்ற சீம்பால் மொத்தமும் அதுக்குத்தான். அப்புறம் தனிக் கொட்டில்ல விட்டு, பாட்டில்ல கொடுப்போம். வாங்க, நீங்களே கொடுங்க.”

பாட்டிலைப் பிடித்ததும் கன்று அவர் வயிற்றில் முட்டித் தள்ளியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாயைப் பிரித்தால் கத்தாதா என்று கேட்டார். ரெண்டு மூணு நாள் ரெண்டுமே கத்தும் என்றார் பண்ணைக்காரம்மா. காளைக் கன்றை என்ன செய்வீர்கள் என்றதற்கு, “வித்துடுவோம்” என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மேடத்துக்குக் காய்ச்சல். “சும்மா தலையாட்டிட்டு, பாக்கெட்டைக் கொடுத்துட்டு வந்துடு” என்று மேனேஜர் அவரைத் தனியாக அனுப்பினார். போன இடம் மடியைத் தேடிய குட்டிப் பெண்ணின் பள்ளி. அவள் விடுவாளா? கன்னுக்குட்டி எங்கே என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். கேட்டதையே மறுபடி கேட்டாள். மறுபடியும் தலையாட்டினார். பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது.

அவர் தலையைக் கழற்றிக் கீழே வைத்தார். ஒரு பையன் உதட்டைப் பிதுக்கினான்.

“மாடு செத்துப் போச்சா?”

“இல்லடா கண்ணு, உள்ள இருந்த மாமா வெளிய வந்துட்டேன்.”

வியர்வையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பண்ணையில் பார்த்ததைச் சொன்னார். கன்று பிறப்பதை, அது விழுந்து விழுந்து எழுவதை, தன் வயிற்றில் முட்டியதை எல்லாம் சொன்னார். பிள்ளைகள் நகர்ந்து நகர்ந்து மடிமேலேயே வந்துவிட்டார்கள்.

“அம்மாகிட்ட ஏன் குடிக்கலை?” என்றாள் அந்தப் பெண்.

“நாம குடிக்கிறதுக்காக எடுத்துடறோம்ல. அதனால பாட்டில்ல கொடுப்பாங்க.”

“அழுமா?”

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அவரைப் பார்த்தார்.

“கொஞ்ச நாள் கத்தும்” என்றார்.

கடைசியில் பால் கொடுத்தபோது, அவள் தன் பாக்கெட்டைத் திருப்பி அவர் கையில் வைத்தாள். ஒருத்தி கொடுத்ததும் இன்னொருத்தி. பாதிப் பாக்கெட்டுகள் டிரேயிலேயே திரும்பி ஆபீசுக்கு வந்தன.

மேனேஜர் கத்தவில்லை. “பால் விக்கிற இடத்துல இருந்துக்கிட்டு, பாலே வேணாம்னு சொல்ல வச்சிருக்க” என்றார்.

“கேட்டாங்க சார். சொல்லிட்டேன்.”

அவரை வாசல் கேட்டில் உட்கார வைத்தார்கள். வண்டி வந்தால் திறப்பது, போனால் மூடுவது. வேஷத்தைப் பார்சல் பிரிவு ஆள் ஒருவர் போட்டுக்கொண்டு போனார். வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. “நீங்க என்ன இல்லாததையா சொல்லிட்டீங்க?” என்று மனைவி கேட்டதற்கு, “சின்னப் பிள்ளைங்ககிட்ட அவ்வளவு சொல்லியிருக்க வேணாமோ என்னமோ” என்றார். அது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டுதான் இருந்தது.

சில நாளில் அந்த டீச்சரே ஆபீசுக்கு போன் செய்தார். பிள்ளைகள் வேறு பேச்சே பேசுவதில்லையாம். கன்றுக்குட்டியை நேரில் பார்க்க வேண்டுமாம். அந்த மாமாதான் கூட்டிப்போக வேண்டுமாம். மேனேஜர் பெருமூச்சு விட்டார். “இழுத்து விட்டவன் அவன்தானே. அவனே போய்ச் சமாளிக்கட்டும்” என்று வேனும் கொடுத்தார்.

பண்ணையில் இறங்கியதும் பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். சாணியை மிதித்த ஒருவன் அங்கேயே நின்றுவிட்டான். கறவை மெஷினின் கண்ணாடிக் குழாயில் பால் ஓடுவதைப் பார்த்தபோதுதான் சத்தம் அடங்கியது. பண்ணைக்காரம்மா ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பால் கேன்மேல் வைத்துக் காட்டினார். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த பாலை மட்டுமே பார்த்த பிள்ளைகளுக்கு அந்தச் சூடு நம்ப முடியாததாக இருந்தது.

குட்டிப் பெண் பாட்டிலைப் பிடித்தாள். கன்று இழுத்த இழுப்பில் அவளும் கூடவே போனாள். மாமா பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். ஷூவெல்லாம் நுரை.

“இது யாரோட பால்?”

“அதோட அம்மாவோடது.”

கிளம்பும் நேரம் காய்ச்சிய பால் வந்தது. அவள் டம்ளரை வெகுநேரம் பார்த்தாள். பாதி குடித்துவிட்டு, மீதியைக் கன்றுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டாள். பண்ணைக்காரம்மா டம்ளரை வாங்கி, ஆறவைத்து, பாட்டிலில் ஊற்றினார்.

அதைப் பார்த்து மற்றப் பள்ளிகளும் கேட்க ஆரம்பித்தன. பிள்ளைகளைப் பண்ணைக்குக் கூட்டிப்போவதே அவருக்கு வேலையாகிவிட்டது. மேடமும் சில சமயம் வருவார். எலும்பைப் பற்றி அவர் பேசுவார், மாட்டைப் பற்றி மாமா பேசுவார். பாலை வேண்டாம் என்கிற பிள்ளைகள் இப்போதும் ஒருவர் இருவர் உண்டு. அவர் வற்புறுத்துவதில்லை, மேனேஜரும் கண்டுகொள்வதில்லை.

போன மாதம் வந்த ஒரு பையன், கொட்டில் முழுக்கச் சுற்றிவிட்டு அவர் சட்டையை இழுத்தான்.

“கன்னுக்குட்டியோட அப்பா எங்க?”

இங்கே காளையே கிடையாது, மாட்டு டாக்டர் பெட்டியோடு வந்து சினை ஊசி போடுவதுதான் வழக்கம். மாமா பண்ணைக்காரம்மாவைப் பார்த்தார். அவர் சட்டென்று தீவனத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அது வேற ஊர்ல இருக்குப்பா” என்றார் மாமா. யோசித்துப் பார்த்தால் அதில் பொய்யும் இல்லை.

“எங்க அப்பாவும்தான்” என்று சொல்லிவிட்டு, பையன் கை கழுவும் வரிசையில் போய் நின்றுகொண்டான்.