என் கணவருக்குச் சேராத மருந்து

ஒவ்வாமை உண்டு என்று ஒரு நோயாளி சொன்னால், செவிலியர் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எந்த மருந்து, என்ன செய்தது, எப்போது செய்தது. பதிலை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டு, பிறகுதான் கையில் சிவப்புப் பட்டை கட்ட வேண்டும். நாகர்கோவிலில் ஓய்வு பெறும்வரை நான் சொல்லிக்கொடுத்த விதி இது. இப்போது மகளோடு குடியிருக்கும் வட இங்கிலாந்து நகரத்திலும் இதுவே விதி. நோயாளி ஒரு நர்ஸின் கணவராக இருந்தால் என்ன செய்வது என்பது மட்டும் இரண்டு நாட்டு விதியிலும் இல்லை.

என் கணவர் தாணுலிங்கம் சுசீந்திரத்தில் உரக்கடை வைத்திருந்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பல நாளாகியும், தினமும் காலையில் இடது கையில் அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக் பட்டையோடுதான் சாயாவில் ரொட்டியை முக்கிச் சாப்பிடுகிறார். கத்தரிக்கோலை எடுத்தால் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோய்விடுகிறார். கல்யாண மோதிரத்தை உரமூட்டைக்குள் தொலைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துக் கண்டுபிடித்த மனிதர், இதைக் குளிக்கும்போதும் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்.

பட்டை வந்த கதை அவருடைய பாதத்தில் தொடங்குகிறது. இங்கிலாந்துக் குளிர்காலத்தில் சாக்ஸ் போடாமல் நடக்கக் கூடாது. அவர் நடந்தார். குதிகால் வெடித்தது, வெடிப்பு வழியாகக் கிருமி போனது, முழங்கால்வரை கால் சிவந்து வீங்கிவிட்டது. செல்லுலைட்டிஸ். தோலுக்கடியில் பரவும் இந்தத் தொற்றுக்குப் பெனிசிலின் வகை மருந்துதான் முதல் மருந்து. அவசரப் பிரிவில் அவரைப் படுக்கவைத்தோம். மகள் மீனா காரை நிறுத்தப் போனாள். நான் சாயா வாங்க மெஷினைத் தேடிப் போனேன். அந்த இடைவெளியில் கிளேர் என்ற நர்ஸ் வந்து, ஊசி போடப் போகிறோம், எந்த மருந்தாவது ஒவ்வாதா என்று இவரிடம் கேட்டிருக்கிறாள்.

நாஞ்சில் நாட்டு ஆண்களுக்கு இந்தக் கேள்வியை ஏன் கேட்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். பூதப்பாண்டியிலிருந்து நெல்மூட்டையைத் தனியாளாக வண்டியில் ஏற்றிவிட்டு வருவார்கள். ஊசியைக் கண்டதும் கட்டிலின் மறுபக்கம் ஒதுங்குவார்கள். "ஊசி எனக்குச் சேராதாக்கும் சிஸ்டரே." எந்த ஊசி என்று கேட்டால் எல்லா ஊசியும். மாத்திரை சேருமா என்றால், மாத்திரை நல்லாச் சேரும். நாங்கள் யாரும் நம்புவதில்லை. மூன்று கேள்வியையும் கேட்போம்; இரண்டாவதிலேயே கதை விழுந்துவிடும். என்ன செய்தது என்றால், "ஒரு மாதிரி வந்துது" என்பார்கள். அந்த ஒரு மாதிரி எல்லாருக்கும் வருவதுதான் என்று சொல்லித் திரும்பிப் படுக்கச் சொல்லிவிடுவோம்.

இங்கிலாந்தில் நோயாளி சொன்னால் நம்புகிறார்கள். இந்தப் பண்பை நான் வந்த புதிதில் ஊருக்கு போன் பண்ணியெல்லாம் புகழ்ந்திருக்கிறேன்.

சாயாவோடு திரும்பியபோது பட்டை ஏறியிருந்தது. மீனா அழுதுகொண்டிருந்தாள். கிளேர் என்னை ஓரமாக அழைத்துப் போய், தணிந்த குரலில் விளக்கினாள். உங்கள் கணவருக்கு இளவயதில் பெனிசிலின் போட்டதும் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, குரல் அடைத்து, மூச்சு நிற்கும் நேரத்தில் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆங்கிலம் போதாத இடத்தில் நடித்தே காட்டினார். இவ்வளவு தெளிவாகச் சொல்லும் நோயாளியை நான் பார்த்ததில்லை என்றாள்.

சாயாவைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் அந்தக் கேஸ் எனக்குத் தெரியும். அது என் கேஸ். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவரைக் குளவி கொட்டி ஜீப்பில் தூக்கிவந்தார்கள். உதடு வீங்கி, பேச்சு நின்று, உடம்பு முழுக்கத் தடிப்பு. டாக்டர் படியேறி வருவதற்குள் தொடையில் அட்ரினலின் போட்டு, காலை உயர்த்திப் படுக்கவைத்து, ஆக்சிஜன் வைத்தோம். அந்த மனிதர் திரும்பி மூச்சு விட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தச் சம்பவத்தைச் சாப்பாட்டு நேரத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இவர் ரசத்தைப் பிசைந்துகொண்டு, கேட்காதவர் மாதிரி இருப்பார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். குளவியை மட்டும் எடுத்துவிட்டுப் பெனிசிலினை வைத்திருக்கிறார்.

கட்டிலருகே குனிந்து, உங்களுக்கு எப்போது மூச்சடைத்தது என்று கேட்டேன்.

"சத்தம் போடாதட்டி," என்றார். "அந்தப் பிள்ள கையப் பிடிச்சு எவ்வளவு பிரியமாக் கேட்டுது தெரியுமா? இத்தன வருசத்துல நீ அப்பிடிக் கேட்டிருக்கியா?"

நேராகக் கிளேரிடம் போனேன். அவருக்கு ஒவ்வாமை எதுவும் இல்லை, சொன்னதெல்லாம் பொய், தயங்காமல் பெனிசிலினைப் போடுங்கள் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று தோன்றியது. கிளேர் திரைச்சீலையை இழுத்து மூடினாள். கொஞ்ச நேரத்தில் மென்மையான குரலுடைய வேறொரு அம்மாள் வந்து, அவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று என்னை வெளியே அனுப்பினாள். வீட்டில் பாதுகாப்பாக உணர்கிறீர்களா, உங்கள் விருப்பமில்லாமல் யாராவது மருந்து கொடுக்கிறார்களா என்று கேட்டிருக்கிறாள். இவர் சத்தியவானாக, எல்லா மாத்திரையும் இவள்தான் தருவாள், வேண்டாமென்றாலும் விடமாட்டாள் என்று பதில் சொல்லியிருக்கிறார். நான் உறவினர் அறையில், யாரோ முன்னே வைத்துவிட்டுப் போன டிஷ்யூ பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முறைப்படி எல்லாம் சரி. கிளேரின் இடத்தில் இருந்தால் நானும் என்னை வெளியே அனுப்பியிருப்பேன்.

பெனிசிலினுக்குப் பதிலாக வேறு மாத்திரை கொடுத்தார்கள். அது உண்மையிலேயே சேரவில்லை. விழுங்கிய கொஞ்ச நேரத்தில் குமட்டல், வாந்தி, இட்லிகூட உள்ளே நிற்கவில்லை. காலின் சிவப்பு அங்குலம் அங்குலமாகத்தான் இறங்கியது. அது முழுதாக அடங்கும்வரை விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாசி நெருங்கிக்கொண்டிருந்தது. மண்டைக்காட்டில் இவருடைய அக்கா பொன்னம்மை இருக்கிறார், எனக்கு மைனி. அங்கே அம்மன் கோயிலில் நடக்கும் மாசிக் கொடைத் திருவிழாவுக்கு அக்கா வீட்டுக்குப் போகாத வருடம் இவருக்குக் கிடையாது. மைனி போனில், "ஏலே தாணு, கொடைக்கு வந்திருவியாலே?" என்று கேட்டபோது இவர் போனை என்னிடம் நீட்டினார்.

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. வெடித்த காலில் கிருமி திரும்ப வரும். அடுத்த முறை ரத்தத்தில் கலந்தால், உயிரைக் காக்கும் மருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கும், அந்தப் பட்டையைப் பார்த்து எடுக்காமல் விடுவார்கள். பொய்ப் பட்டைகள் பெருகினால், குலசேகரத்துக்காரரைப் போல நிஜமாகவே சாகக் கிடப்பவரின் பட்டைக்கும் மதிப்புக் குறையும். இதை இவரிடம் சொன்னேன். மறுமுறை டாக்டரிடம் போனபோது எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பதுபோல ஆங்கிலத்தில் சொன்னார்: அலர்ஜி இல்லை, நான் பொய் சொன்னேன், எனக்கு ஊசி என்றால் பயம். டாக்டர் அவரைக் கனிவாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், அவ்வளவு கனிவாக அல்ல. ஒருமுறை பதிவான ஒவ்வாமையை ஒவ்வாமைக் கிளினிக்தான் பரிசோதித்து நீக்க முடியும், எழுதிப் போடுகிறேன், பதில் வரும் என்றார். நானும் என் பங்குக்கு, என் பதவி, அனுபவம், மூன்று கேள்விக்கும் உண்மையான பதில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை.

கால் ஒருவழியாக அடங்கியதும் டாக்டர் அனுமதித்தார், கிளம்பிவிட்டோம். சுசீந்திரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பட்டையைப் பார்த்து, எந்தக் கோயில் காப்பு என்று விசாரித்தார். லண்டன் பக்கம் என்றார் இவர். ஊர் வந்த உற்சாகத்தில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வயல் வரப்பெல்லாம் நடந்தார். கொடியேற்றத்துக்கு முன்பே கால் மறுபடி சிவந்து, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்துவிட்டது. செய்தி கேட்டு மைனி பஸ் பிடித்து வந்தார். எல்லாருமாக நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

இங்கிலாந்தில் சின்னப் பிள்ளைகள்கூட இவரைத் தாணு என்று பெயர் சொல்லிக் கூப்பிடும். நாகர்கோவில் நர்ஸ் பெண், "பாட்டா, எதாவது மருந்து சேராம வருமா?" என்று கேட்டாள். தாத்தாவாக்கிப் பாட்டா என்றதில் முகம் சுருங்கியவர், காய்ச்சலோடு காய்ச்சலாக இடது கையை உயர்த்திக் காட்டினார். டாக்டரிடம் ஒப்பித்த செய்யுள் ஊசியைக் கண்டதும் மறந்துவிட்டது. அவள் பட்டையைப் படித்துவிட்டு, என்ன செய்தது என்று கேட்டாள். இவர் உதட்டை உப்பவைக்கத் தொடங்கினார்.

நான் வாயைத் திறக்கும் முன் மைனி முன்னால் வந்தார்.

"இவனுக்கா சேராது? வயல்ல பரம்படிக்கும்போது கால் கிழிஞ்சு ஒரு வாரம் பெனிசிலின் போட்டது எனக்குத் தெரியாதா? ரெண்டு பேரு அமுக்கிப் பிடிச்சாக்கும் போட்டது. ஊசி இவன ஒண்ணும் செய்யல்ல மக்கா. இவந்தான் ஆஸ்பத்திரி ஜன்னல ஒடச்சான்."

"எக்கா," என்றார் இவர், பட்டைக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு.

இது எனக்கே புதிய செய்தி. கல்யாணத்துக்கு முந்திய கதை. டாக்டர் வந்து மைனியிடம் நிதானமாக எல்லாம் கேட்டார். ஏற்கனவே அந்த மருந்தைத் தாங்கிய உடம்பு என்பது பெரிய சாட்சி. ஆனாலும் இங்கே டெஸ்ட் டோஸ் போடாமல் பெனிசிலின் கிடையாது. தட்டில் அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டு, வலது முன்கையில் தோலுக்குள் ஒரு துளி மருந்தை ஏற்றி, அதைச் சுற்றிப் பால்பாயிண்ட் பேனாவால் வட்டம் போட்டாள் அந்தப் பெண். சொறியக் கூடாது பாட்டா என்றாள். இங்கிலாந்தில் இந்த வட்டத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. அங்கே ஒரு ஒவ்வாமையை நீக்க ஒரு கிளினிக் வேண்டும். இங்கே ஒரு அக்காவும் ஒரு பேனாவும் போதும் என்று நினைத்துக்கொண்டு அவருடைய நாடியைப் பிடித்தபடி நின்றேன். வட்டத்துக்குள் தோல் அப்படியே இருந்தது. தடிப்பில்லை, சிவப்பில்லை. ஊசி ஏறும்போது இவர் மைனியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். ஜன்னலை நான் முன்பே சாத்தியிருந்தேன்.

சில நாளில் கால் வற்றிவிட்டது. கொடையின் கடைசி நாளான ஒடுக்கு பூசையன்று மண்டைக்காட்டுக் கடற்கரை மணலில் ஒரு கையால் அக்காவையும் மறுகையால் என்னையும் பிடித்துக்கொண்டு நடந்தார், காலில் சாக்ஸோடு. அதைப் பார்த்து மொத்தத் திருவிழாவும் சிரித்தது.

மறுநாள் மைனி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது மீனா போனில் ஒரு கடிதத்தின் படத்தை அனுப்பினாள். திரு. தாணுலிங்கத்தின் பெனிசிலின் ஒவ்வாமையைப் பரிசோதிக்க நேரம் ஒதுக்கியிருக்கிறோம், அவருடைய பழைய விவரம் அறிந்த உறவினர் ஒருவரை உடன் அழைத்து வரவும். தமிழில் படித்துச் சொன்னேன்.

"அப்போ எனக்கும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு," என்றார் மைனி.

இவர் இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையில் கூடாது என்று சொல்லும் இங்கிலாந்துப் பட்டை. வலது கையில் ஒன்றும் ஆகாது என்று சொல்லும் நாகர்கோவில் வட்டம், பாதி அழிந்து. கத்தரிக்கோல் கொண்டுவரட்டுமா என்றேன். திரும்பிப் போகும்போது அங்கே கேட்பார்கள், இருக்கட்டும் என்றார். பிறகு குளிக்கப் போனார். வலது கையைத் தண்ணீரில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளித்ததை மைனி பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

கிளினிக்கின் பதில் வந்த நாள், மாசிக் கொடை முடிந்த மறுநாள், புதன்கிழமை.