சடுகுடு மூலையில் ஆறு வருஷம்

அரூரைத் தாண்டி மொரப்பூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். மேலே துண்டு மட்டும்தான். பனியனைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு முழங்காலிலும் ஆட்டக்களத்துச் செம்மண் காய்ந்து, நடக்க நடக்க உதிர்ந்தது. பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஒரு பஸ் பக்கத்தில் வந்து நின்றது. "ஏறுறியா, எப்படி?" என்றான் கண்டக்டர். மடியில் சில்லறை இருந்தது. ஆனாலும் ஏறவில்லை. ஒரு இடத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகுமோ என்று பயமாக இருந்தது. பஸ் போன புழுதி அடங்கும் வரை நின்றுவிட்டு மறுபடி நடந்தேன்.

நான் சடுகுடு ஆடிப் பிழைத்தவன். பாடிப் போகிறவன் இல்லை, பிடிக்கிறவன். பாடிப் போகிறவனுக்குத்தான் பேர், விசில், தோளில் தூக்கிப் போவது எல்லாம். பிடிக்கிறவன் கோட்டுக்குப் பின்னால் இடது மூலையில் குனிந்து நிற்பான். வருகிறவனின் கண்ணைப் பார்க்கக் கூடாது, காலையும் பார்க்கக் கூடாது. இடுப்பைப் பார்க்க வேண்டும். இடுப்பு பொய் சொல்லாது. அது திரும்பும் பக்கம் பாதம் வரும். பாதம் தரையை விட்டுக் கிளம்புவதற்குள் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் அவன் மிதிப்பான், உதைப்பான், மயிரைப் பிடித்து இழுப்பான். அவன் மூச்சு விடுகிற வரைக்கும் விடக் கூடாது. இதில் எனக்கு இரண்டு பல் போயிற்று. இடது கை சுண்டுவிரல் கோணிக்கொண்டது. காறை எலும்பு ஒருமுறை உடைந்து, புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டு நாற்பது நாள் படுத்தேன். அதெல்லாம் தொழிலோடு சேர்ந்தது.

ஆறாவதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். வீட்டையும் விட்டேன். ஓட்டல், லாரி, நல்லம்பள்ளிப் பக்கம் கிணறு வெட்டு என்று சுற்றினேன். கிணறு வெட்டும் இடத்தில் சாயங்காலம் ஆடும்போதுதான் என் பிடியைப் பார்த்துவிட்டு ஒரு ஊர்க்காரர் கூப்பிட்டுப் போனார். சோறு, வேட்டி, ஜெயித்தால் கையில் ஏதோ கொஞ்சம். அப்படி ஏழெட்டு ஊருக்கு ஆடினேன். ஒரு ஊரிலும் ஒரு பொங்கலுக்கு மேல் தங்கியதில்லை.

காரணம் இருந்தது. சுற்றுப்பட்டு ஊர்ப் போட்டிகளில் அந்தந்த ஊரில் பிறந்தவனோ, அந்த ஊரில் பெண் கட்டியவனோதான் ஆடலாம். எதிரணிக்குச் சந்தேகம் வந்தால், கேப்டன் அம்மன் கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றி, கையால் அடித்து அணைத்து, "இவன் எங்க ஊர் ஆள்" என்று சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்ய எந்தக் கேப்டனுக்கும் தைரியம் வராது. கற்பூரம் என்று எவனாவது வாயைத் திறந்தால் நானே துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அறுபதுகளின் நடுவில் கிறிஸ்தவர்கள் ஊர் ஒன்றுக்கு ஆடப் போனேன். எல்லாம் குடியானவர்கள். கேழ்வரகும் நிலக்கடலையும் போடுவார்கள். கேப்டனுக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம். முதல் வருஷம் எதிரணி சத்தியம் கேட்டது. நான் வழக்கம் போல் துண்டைத் தேடினேன். கேப்டன் நேராகப் போய்க் கற்பூரத்தைப் பளீரென்று அடித்து அணைத்தார்.

"எங்க ஊரு மாப்பிள்ளைங்க. என் தங்கச்சியத்தான் கட்டியிருக்கிறான்."

அவருக்குத் தங்கச்சியே கிடையாது. களத்துக்குள் வரும்போது என் காதருகில், "என்னை மச்சான்னு கூப்புடு, மறந்துடாத" என்றார். அவருக்கு அது அடுத்த வீட்டுச் சாமி, அதனால் பயமில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஊரும் அப்படித்தான் சொல்லிச் சிரித்தது.

அங்கேயே தங்கிவிட்டேன். அவருடைய பம்புசெட் ரூமில் படுக்கை. நாள் முழுக்க அவர் காட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பூசைக்குப் போகும்போது நான் மாட்டைப் பார்த்துக்கொள்வேன். திருவிழாவில் தேர்க் கயிறு பிடிப்பேன். வெளியே மச்சான், வீட்டில் அண்ணா என்று கூப்பிட்டது போய், எல்லா இடத்திலும் மச்சான் என்றே ஆகிவிட்டது. அவர் சம்சாரமும் குழம்பு ஊற்றும்போது, "மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி" என்பார். ஆறு வருஷம். வருஷத்துக்கு ஒரு கற்பூரம். பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதில் குடியிருந்தேன்.

அன்றைக்கு இறுதி ஆட்டம், அரூருக்குத் தெற்கே ஒரு ஊரில். பரிசு ஒரு கிடாவும் கோப்பையும். எதிரணியை நடத்தியவர் ஒரு புளி மண்டிக்காரர். முதல் பாதியில் அவருடைய நல்ல ஆட்டக்காரனை மூன்று தரம் மடக்கினேன். மூன்றாவது தரம் அவன் எழுந்திருக்கவே நேரமாயிற்று. இடைவேளையில் மண்டிக்காரர் நடுவரிடம் வந்தார்.

"அந்த மூலையில நிக்கிற ஆளு மேல எனக்குச் சந்தேகமுங்க."

கூட்டத்தில் ஒருவன், "கற்பூரம் கொண்டாங்கப்பா!" என்று கத்தினான். எங்கள் கேப்டன் அதற்குள் கையைத் தட்டிக்கொண்டு கோயில் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"இருங்க, இருங்க" என்றார் மண்டிக்காரர். "கற்பூரத்தை ஏனுங்க வீணாக்கறது? கேப்டன் மாமனுக்கு எங்க ஆத்தாகிட்ட என்ன பயம்? கழுத்துல ஒண்ணு கிடக்குதே, அதைத் தொட்டுச் சொல்லச் சொல்லுங்க. ஒத்துக்கிறேன்."

கேப்டன் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் பாடுபட்ட சுரூபம் ஒன்று கிடந்தது. சிலுவையில் ஏசு தொங்கும் சின்னப் பித்தளை உருவம். ஆடும்போதும் கழற்ற மாட்டார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். தொடுவார், சொல்லுவார், ஆட்டம் தொடரும் என்று குனிந்து கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டேன்.

சத்தம் ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கேப்டன் சுரூபத்தைக் கையில் பிடித்திருந்தார். உதடு அசைந்தது.

"ஏய், சாமிய மாத்துனதும் வாயி கட்டிப்போச்சுடா!" என்றான் எவனோ.

"சொல்லுங்க மாமா. உங்க தங்கச்சி வூட்டுக்காரர்தானே?" என்றார் மண்டிக்காரர்.

இவன் ஆறு வருஷமா என் வீட்டில் இருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. ஆட்டத்துக்குச் செல்லாது, ஆனால் உண்மை. என் காட்டில் வேலை செய்கிறவன் என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"எங்க ஊரு இல்லீங்க. கூலிக்கு வந்தவன்."

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அப்படியிருந்தும் எனக்குக் காது அடைத்துப்போயிற்று. கூட்டம் கத்துவது வாயசைவாக மட்டும் தெரிந்தது. காறை எலும்பு உடைந்தபோதுகூட வலி வரச் சற்று நேரம் ஆனது. இது அது மாதிரியும் இல்லை. வலியே வரவில்லை. நடுவர் என் தோளைத் தொட்டுக் கோட்டுக்கு வெளியே தள்ளினார். அணியில் ஒருவன், என்னோடு ஒரே வட்டிலில் சாப்பிட்டவன், "பனியனைக் குடு" என்றான். எண் போட்ட பனியன் ஏழுதான் இருந்தது. கழற்றிக் கொடுத்தேன். வேர்வையோடு அதை இன்னொருவர் மாட்டிக்கொண்டார்.

அவர் கேப்டன் ஊரின் நிஜ மாப்பிள்ளை. சேலத்தில் தையற்கடை. மாமனார் வீட்டில் பொங்கல் விருந்துக்கு வந்து இன்னும் திரும்பிப் போகாதவர். தொப்பை. பனியன் பாதிதான் இறங்கியது. என் மூலையில் போய், குனியாமல், தபால்காரருக்குக் காத்திருப்பவர் போல நின்றார்.

போயிருக்க வேண்டும். ஆனால் கால் வரவில்லை. நின்று பார்த்தேன்.

கடைசிப் பாட்டு. மண்டிக்காரரின் ஆட்டக்காரன் பாடிக்கொண்டு நேராக அந்த மூலைக்கு வந்தான். தையற்கடைக்காரர் பயந்து பின்னால் நகர்ந்தார், கால் தடுக்கி மல்லாந்தார். வந்தவன் அவர்மேல் இடறி விழுந்தான். அவன் எழுவதற்குள் இவர் பயத்தில் அவனைக் கட்டிக்கொண்டார். மூச்சு விட்டுவிட்டான். விசில் ஊதிவிட்டார்கள்.

ஜெயித்துவிட்டார்கள். அவரைத் தோளில் தூக்கினார்கள். அவருக்கே நம்ப முடியவில்லை. "என்னாச்சுங்க? புடிச்சுட்டனா?" என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்கும் நம்ப முடியவில்லை. பிடிப்பதற்கென்று என்னென்ன வைத்திருந்தேன், இடுப்பு, பாதம், மூச்சு என்று. ஒன்றும் தெரியாத ஒருவர் விழுந்தே பிடித்துவிட்டார்.

புளியமரத்தடியில் என் துண்டை உதறிக்கொண்டிருந்தபோது கேப்டன் வந்தார். கிடாவின் கயிறு அவர் கையில் இருந்தது.

"கோவிச்சுக்காத. வண்டியில ஏறு. கறி ஆக்கறாங்க, சாப்புட்டுப் போலாம்."

"இல்லீங்க."

மச்சான் போய் 'ங்க' வந்ததை அவர் கவனித்தார். கிடாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் என்னடா பண்ணுவேன்? வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முன்னால சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்றப்ப உன்னையத்தான் சொல்றேன். பொய்ச் சத்தியம் பண்ணேன் சாமின்னு. அந்த ஆளை ஒண்ணு அனுப்பிடு, இல்லாட்டி உண்மையச் சொல்லிடுன்னு அவரும் சொல்லுவாரு. சரிங்க சாமின்னுட்டு வருவேன். அடுத்த பொங்கலுக்கு மறுபடியும் கற்பூரம் அடிப்பேன். எத்தனை தடவைடா அதையே சொல்றது?"

அவருக்கு அம்மனிடம் பயமே இல்லை என்று ஆறு வருஷம் நம்பியிருந்தேன். சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர், காறை எலும்பு உடைந்தபோது என்னை முதுகில் சுமந்து போனவர், முழங்கால் போட்டு என்னை ஒரு பாவமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஈஸ்டருக்கு ஒருமுறை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து மாப்பிள்ளைக்குக் கறி போடச் சொல்லியிருக்கிறார்.

 பம்புசெட் ரூமில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது, இரண்டு வேட்டி. அதைக்கூடக் கேட்கவில்லை. ரோட்டுக்கு வந்துவிட்டேன். பின்னால் அவர் கூப்பிட்டாரா என்று தெரியவில்லை. காது அப்போதும் சரியாக இல்லை.

ராத்திரி வெகு நேரம் கழித்து மொரப்பூர் வந்து, ஸ்டேஷனில் படுத்து, வெயில் முகத்தில் பட எழுந்தேன். கூட்ஸ் ஷெட்டில் உர மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வேகன் திறந்திருந்தது. மேஸ்திரி, வெற்றிலை போட்ட கிழவர், கத்திக்கொண்டிருந்தார். ஒரு ஆள் வரவில்லையாம். பக்கத்தில் போய் நின்றேன். அவர் என் தோளைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

"மூட்டை தூக்கியிருக்கிறியா?"

"கிணத்து மண்ணு தூக்கியிருக்கிறனுங்க."

"பேரு?"

சொன்னேன். துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். அடுத்து ஊரைக் கேட்பார் என்று நின்றேன். எதைச் சொல்வது என்று தெரியவில்லை. அவர் சீட்டை மடித்துக் காதில் செருகிக்கொண்டு, நான் இன்னும் நிற்பதைப் பார்த்தார்.

"இன்னும் என்னடா? பதினொரு மணிக்கு வேகனைக் காலி பண்ணணும். அந்தச் சாக்கைத் தலைக்குப் போட்டுக்க, போ."

சாக்கை எடுத்து மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வேகன் வாசலில் போய் முதுகைக் காட்டி நின்றேன். உள்ளே இருந்த இரண்டு பேர் முதல் மூட்டையை ஏற்றினார்கள்.