தொப்பையைக் கரைத்த பத்து நாள்

ஓசூரில் எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை மெடிக்கல் செக்கப் நடக்கும். இந்தத் தடவை, எங்கள் கான்ட்ராக்ட் முடியப்போகிற சமயம் பார்த்து வைத்தார்கள். எனக்கு அப்போதே சந்தேகம். நல்லதுக்கு இப்படி வைப்பார்களா?

பிரஸ் லைனில் பக்கத்து மெஷினில் நிற்கும் சிங்காரப்பேட்டைக்காரன் வேறு காதில் போட்டுவிட்டான்.

"தொப்ப வச்சவனையெல்லாம் இந்த வாட்டி கழிச்சு உட்டுருவாங்களாம் மச்சான். அன்ஃபிட்டுன்னு எழுதிட்டா முடிஞ்சுது."

எனக்குத் தொப்பை உண்டு. அன்று ராத்திரியே சோற்றை நிறுத்தினேன். செக்கப்புக்குப் பத்து நாள் இருந்தது.

எடையைக் குறைப்பது எனக்குப் புதிதல்ல. நாகரசம்பட்டியில் நான் பையனாக இருந்தபோது கபடிப் போட்டி எடை வைத்துத்தான் நடக்கும். சொன்ன கிலோவுக்கு மேல் போனால் ஆட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். முந்தின நாள் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டோம். வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மாந்தோப்பைச் சுற்றி ஓடுவோம். ஊறுகிற எச்சிலையும் துப்பிவிடுவோம். ஒன்பதாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு இந்த ஓட்டம்தான் காரணம் என்பார் அப்பா.

எடை போடுவது மாங்காய் மண்டித் தராசில். எதிர் டீம் கேப்டன் மண்ணில் குப்புறப் படுத்து எங்கள் காலடியைப் பார்ப்பான்.

"டேய், கட்டவெரல தரையில ஊனறான் பாரு! பின்னாடி நிக்கறவன் டவுசரப் புடிச்சுத் தூக்கறான்டா, அவனத் தள்ளிப்போகச் சொல்லு!"

அவர்கள் ஏறும்போது நாங்களும் படுப்போம். தராசுக்காரரையும் நம்பமாட்டோம். அவர் அக்கா மகன் எந்த டீமில் ஆடுகிறான் என்று முதலில் விசாரிப்போம்.

செக்கப் அன்று ஷூ, பெல்ட், பர்ஸ், செல்போன் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். பின்னால் நின்ற சிங்காரப்பேட்டைக்காரனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மூச்சை வெளியே விட்டு எடை மெஷினில் ஏறினேன். நர்ஸம்மா கர்நாடகப் பக்கத்துப் பெண். சிரித்துவிட்டார்.

"ஏன்ணா, அவரு உங்களத் தள்ளியா உட்டுருவாரு?"

போன வருஷத்து எடையைக் கம்ப்யூட்டரில் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"இவ்ளோ எறங்கியிருக்கே? சுகர் இருக்கா? இருமல்? ராத்திரி காய்ச்சல் வருதா?"

"ஒண்ணும் இல்லம்மா. சாப்புடல, அவ்ளோதான்."

"ஏன் சாப்புடல?"

நீங்கள் கழித்துவிடுவீர்கள் என்றுதான் என்று எப்படிச் சொல்வது? பெல்ட்டை எடுத்து மாட்டத் தொடங்கினேன். அவருக்கு அது இன்னும் சந்தேகமாகிவிட்டது.

"டி.பி. இல்லன்னு தெரியணும், சளி டெஸ்ட்டும் எக்ஸ்ரேவும் எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் ஃபிட்டுன்னு போட முடியாது."

எனக்குப் பின்னால் ஏறிய சிங்காரப்பேட்டைக்காரன் தொப்பையோடு ஃபிட் வாங்கிக்கொண்டான். கழிக்கிற கதையை இவன் ஏன் என்னிடம் மட்டும் சொன்னான்?

மத்தியானம் கேன்டீனில் வழக்கமாக என்னோடு ஒட்டி உட்காருகிற அவன், ஒரு இடம் விட்டு உட்கார்ந்தான். "சாப்புடு மச்சான்" என்றபடியே தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டான்.

"எனக்கு ஒண்ணும் இல்லடா. சோறு திங்காததுதான்."

"நான் ஏதாச்சும் சொன்னனா?"

சொல்லவில்லை. எழுந்து போய் இன்னொரு தட்டு சோறு வாங்கி வந்தேன். யார் யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அள்ளி அள்ளிப் போட்டேன். அவசரத்தில் புரையேறி இருமல் வந்தது. அடக்கப் பார்த்தேன், நிற்கவில்லை. கேன்டீனே நிமிர்ந்து என்னைப் பார்த்தது.